14 மாதம் சும்மா கிடக்கப் போகும் சில்லர்: தண்ணீரை வடிப்பதா, நிரப்பி வைப்பதா?

கோவை_ஃபிட்டர் · ஞாயிறு இரவு 9:40

வணக்கம். உணவுப் பொருள் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். கோவை யூனிட்டை மூடிவிட்டு எல்லாவற்றையும் தூத்துக்குடிக்குக் கொண்டு போகிறார்கள். புதுக் கட்டடம் முடிய 14 மாதம் ஆகும் என்கிறார்கள். அதுவரை கூலிங் லைன் முழுவதும் அங்கே ஒரு தகர ஷெட்டில் கிடக்கப் போகிறது. கடல் 2 கிலோமீட்டர் தூரம், பக்கத்திலேயே உப்பளம்.

இருப்பவை: 150 டன் (எடை அல்ல, குளிரூட்டும் திறன்) வாட்டர் கூல்டு ஸ்க்ரூ சில்லர், அதாவது தண்ணீரைக் குளிர வைக்கும் மெஷின் ஒன்று, அதன் குளிரூட்டும் கேஸ் ஆர்-134ஏ. எஃப்.ஆர்.பி. (கண்ணாடியிழை பிளாஸ்டிக்) கூலிங் டவர் ஒன்று. பம்ப் மூன்று. பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (தகடுகள் வழியே சூட்டை மாற்றுவது) ஒன்று. வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) உள்ள பேனல் ஒன்று.

ஏன் இவ்வளவு கவலைப்படுகிறேன் என்றால், முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு சில்லரை இதே மாதிரி 11 மாதம் நிறுத்தி வைத்தோம். "மழை படாமல் கட்டி வையுங்கள்" என்று மட்டும்தான் சொன்னார்கள். தார்ப்பாய் போட்டு, அடியிலும் மடித்து, கயிறு இறுக்கிக் கட்டினோம். பிரித்த அன்று தார்ப்பாயின் உட்பக்கம் முழுக்க நீர் முத்து முத்தாக நின்றது. கண்டன்சர் (கேஸின் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கும் டியூப் பகுதி) எண்ட் கவரைக் கழற்றினால் அடி வரிசை டியூப்களில் கருஞ்சேறு, முட்டை அழுகிய வாடை. நைட்ரஜன் ஏற்றிப் பார்த்ததில் நான்கு டியூப்களில் ஊசி முனை ஓட்டை. ஐந்து வருஷம் இரவு பகலாக ஓடியபோது ஒரு டியூப்கூடப் போகாத மெஷின், நின்ற 11 மாதத்தில் போனது. அந்த டியூப்களுக்கு பிளக் அடித்தது நான்தான். இந்த முறை அப்படி நடக்கக் கூடாது.

தண்ணீரை என்ன செய்வது? கேஸை உள்ளேயே விடலாமா? மாதா மாதம் என்ன பார்க்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நீர்வேதி · ஞாயிறு இரவு 10:25

வாட்டர் ட்ரீட்மென்ட்டில் இருக்கிறேன், தண்ணீர் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, சொட்டு இடம் விடாமல் நிரப்பி வைக்க வேண்டும். இல்லை, சொட்டுகூட இல்லாமல் உலர்த்தி வைக்க வேண்டும். உங்கள் பழைய சில்லரில் நடந்தது இரண்டுக்கும் நடுவில் உள்ளது. டிரெயின் வால்வைத் திறந்தோம், தண்ணீர் நின்றது, மூடினோம் என்று விட்டிருப்பார்கள். டிரெயின் திறப்பு கவரின் அடித்தட்டுக்குச் சற்று மேலே இருக்கும். டியூப்களும் சப்போர்ட் தட்டுகளுக்கு நடுவில் லேசாகத் தொய்ந்திருக்கும். அதனால் ஒவ்வொரு டியூபிலும் கொஞ்சம் தண்ணீர் தங்கும். அதன் அடியில் சேறு படியும். சேற்றுக்குக் கீழே ஆக்சிஜன் தீர்ந்துபோகும், சேறு இல்லாத இடத்தில் இருக்கும். இந்த வித்தியாசமே ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்து தாமிரத்தைக் குடையும். முட்டை அழுகிய வாடை என்றீர்களே, அது சல்ஃபேட்டைத் தின்று சல்ஃபைடு வெளியே விடும் பாக்டீரியாவின் வேலை. ஆக்சிஜன் இல்லாத இடம்தான் அதற்குச் சொர்க்கம்.

உங்கள் மெஷின் லாரியில் ஏறப் போகிறது. அதனால் உலர் முறைதான். தண்ணீர் வடித்த அன்றே, டியூப் ஈரமாக இருக்கும்போதே நைலான் பிரஷ் விடுங்கள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விட்டால் அந்தச் சேறு காய்ந்து சுண்ணாம்புப் பூச்சு மாதிரி பிடித்துக்கொள்ளும். பிறகு ஆர்.ஓ. தண்ணீரிலோ சாஃப்ட்னர் தண்ணீரிலோ கழுவுங்கள். கடைசிக் கழுவலுக்கு போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அது உலர்ந்தாலும் அதில் இருந்த குளோரைடு உள்ளேயே உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு டியூபாகக் காற்று ஊதித் துடைத்து, பிறகு சூடான காற்றை புளோயரில் விடுங்கள். வெளியே வரும் காற்றின் ஈரப்பதம் உள்ளே போகும் காற்றின் அளவுக்கு இறங்கும்வரை நிறுத்தாதீர்கள். அப்புறம் இரண்டு எண்ட் கவருக்குள்ளும் சிலிக்கா ஜெல் பையைத் தொங்கவிட்டு, எல்லா ஃபிளாஞ்சுக்கும் (பைப் இணையும் வாய்) பிளைண்ட் (மூடித் தகடு) போட்டு மூடுங்கள். இரும்பு 60 சதவீத ஈரப்பதத்துக்கு மேல்தான் வேகமாகத் துருப்பிடிக்கும். உள்ளே 40க்குக் கீழ் வைத்திருந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

நிரப்பி வைக்கும் முறை, இடம் மாறாமல் நிற்கும் மூடிய சுற்றுக்கு. 2020 ஊரடங்கில் பல ஆபீஸ் கட்டடங்களின் சில்டு வாட்டர் லைனை அப்படித்தான் காப்பாற்றினோம். நைட்ரைட் 800 முதல் 1200 பி.பி.எம்., பி.ஹெச். 8.5க்கு மேல், வாரம் ஒருமுறை அரை மணி நேரம் பம்ப் ஓட வேண்டும். மருந்து போட்டதோடு விட்டுவிடக் கூடாது. நைட்ரைட்டையும் தின்னும் பாக்டீரியா உண்டு, மாதம் ஒருமுறை டெஸ்ட் கட்டாயம்.

ஸ்காபரோ_மெக்கானிக் · ஞாயிறு இரவு 11:50

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். எங்களுக்கு இது ஒவ்வொரு ஒக்ரோபரிலும் வருகிற வேலை. வெளியில் நிற்கிற சில்லரில் ஒரு ரியூப்பில் தண்ணீர் மிஞ்சினாலும் ஜனவரியில் மைனஸ் 20இல் உறைந்து வெடிக்கும். தண்ணீர் கேஸ் பக்கத்துக்குள் போனால் கொம்பிரசரோடு சரி. நீர்வேதி சொன்னது முற்றிலும் உண்மை, வால்வைத் திறந்து வடிந்தால் காணும் என்று நம்பக் கூடாது. நாங்கள் ஒவ்வொரு ரியூப்பாகக் காற்று அடித்து, பிறகு கிளைக்கோல் (உறையாமல் காக்கும் திரவம்) விட்டு அலசி எடுக்கிறோம். அலசி வந்த கிளைக்கோலின் அடர்த்தியை அளந்தால் உள்ளே எவ்வளவு தண்ணீர் மிஞ்சி இருந்தது என்பது விளங்கும். ஆறுதலாகச் செய்ததாக நினைத்த மெஷினிலும் அது குறைந்துதான் வந்திருக்கிறது. உங்களுக்கு உறையாது, ஆனால் அதே தண்ணீர் அங்கேயே இருந்து அரிக்கும்.

சில்லர்_25 · திங்கள் காலை 7:15

சில்லர் சர்வீஸில் 25 வருஷம். கேஸ் பற்றி நான் சொல்கிறேன்.

இடம் மாறாத மெஷின் என்றால் கேஸைக் கண்டன்சரில் இறக்கி வால்வு மூடி வைக்கலாம். உங்களுடையது லாரியில் போய், தகர ஷெட்டில் ஒன்றரை கோடைகாலம் நிற்கப் போகிறது. ஆர்-134ஏ 30 டிகிரியில் 6.7 பார் காட்டும். தகரத்தின் கீழே 50 டிகிரி ஆனால் 12 பாருக்கு மேல் போகும். ஆளில்லாத ஷெட்டில் அந்த அழுத்தத்தோடு ஒரு பாத்திரத்தை விட்டு வைப்பானேன்? ரெக்கவரி மெஷின் போட்டு சிலிண்டரில் எடுத்துவிடுங்கள். எடை போட்டு எழுதி வைக்கவும். காற்றில் திறந்து விடவே கூடாது. ஒரு கிலோ ஆர்-134ஏ சுமார் 1,400 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாக பூமியைச் சூடாக்கும்.

கேஸ் எடுத்த பிறகு உலர் நைட்ரஜன் ஏற்றுங்கள், 10 பி.எஸ்.ஐ. (சுமார் 0.7 பார்) போதும். அழுத்தம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை, வெளிக்காற்றை விடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் ஈரக்காற்று உள்ளே வராது. இந்த மெஷினில் இருப்பது பி.ஓ.ஈ. எனும் செயற்கை ஆயில். அது ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சியதும் அமிலமாகும், அமிலம் மோட்டார் வைண்டிங்கைத் தின்னும். ரெகுலேட்டர் இல்லாமல் நைட்ரஜன் சிலிண்டரை இணைக்காதீர்கள். அவசரத்துக்கு ஆக்சிஜன் சிலிண்டரைப் போடுகிற மெக்கானிக்குகளைப் பார்த்திருக்கிறேன். ஆயில் உள்ள இடத்தில் ஆக்சிஜன் அழுத்தத்தோடு சேர்ந்தால் வெடிக்கும். ஆள் செத்திருக்கிறார்கள்.

கேஜைப் பார்த்து ஏமாறாமல் இருக்க ஒரு கணக்கு. மதியம் 38 டிகிரியில் 10 பி.எஸ்.ஐ. இருந்தால் மறுநாள் விடியற்காலை 24 டிகிரியில் 8.9 தான் காட்டும். அது லீக் அல்ல. கேஜ் அளவோடு 14.7 கூட்டுங்கள், இரண்டு வெப்பநிலையிலும் 273 கூட்டுங்கள், விகிதம் போடுங்கள், பிறகு 14.7 கழியுங்கள். அழுத்தம் எழுதும்போது பக்கத்திலேயே டிகிரியும் எழுதவில்லை என்றால் அந்த ரெஜிஸ்டரால் பயனில்லை.

ஒரு பெரிய அட்டையில் "உள்ளே நைட்ரஜன் உள்ளது, திறக்காதே, ஓட்டாதே" என்று எழுதிக் கட்டிவிடுங்கள்.

மதுரை_ஏசி · திங்கள் காலை 8:02

நைட்ரஜன் எதற்கு? வேக்கம் இழுத்து விட்டுவிட்டால் ஈரமே இருக்காதே. ஷெட்டுக்குள் ஈரத்துக்கு நாலு தட்டில் சுட்ட சுண்ணாம்புக் கல் வைத்தால் போதும், சிலிக்கா ஜெல் செலவு மிச்சம். மேலே தார்ப்பாய். நாங்கள் சின்ன பேக்கேஜ் யூனிட்டுகளை அப்படித்தான் வைப்போம்.

சில்லர்_25 · திங்கள் காலை 8:40

மதுரை சார், மூன்றிலும் எனக்கு மாற்றுக் கருத்து.

வேக்கத்தில் வைத்தால் எந்தச் சின்ன லீக்கும் உப்புக் காற்றை உள்ளே இழுக்கும். நைட்ரஜனில் அதே லீக் வெளியே தள்ளும், சோப்பு நுரை வைத்தால் கண்ணில் படும். இன்னொன்றும் உண்டு. செமி ஹெர்மெட்டிக் மெஷினில் மோட்டார் உள்ளே இருக்கிறது. வேக்கத்தில் இருக்கும்போது யாராவது வந்து மெக்கர் (மோட்டார் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்தால் டெர்மினலில் பொறி பறந்து வைண்டிங் போய்விடும். காற்றழுத்தம் குறைந்த இடத்தில் மின்சாரம் சுலபமாகத் தாவும். மெக்கர் எப்போதும் நைட்ரஜன் ஏற்றிய பிறகுதான்.

சுண்ணாம்புக் கல் ஈரத்தை நன்றாகவே இழுக்கும், அது உண்மை. ஆனால் இழுத்ததும் பொடியாகிப் பறக்கும், அந்தப் பொடி காரம். அலுமினியம் ஃபின், அலுமினிய ஃபேன் பிளேடு எதில் படிந்தாலும் அரிக்கும்.

தார்ப்பாய் போடலாம், ஆனால் கட்டக் கூடாது. மேலே குடை மாதிரி சட்டம் போட்டு விரித்து, பக்கம் நாலும் கீழே ஒரு அடி திறந்திருக்க வேண்டும். இரவில் குளிர்ந்த இரும்பு காலையில் ஈரக்காற்று பட்டால் வியர்க்கும். காற்றோட்டம் இருந்தால் பத்து மணிக்குள் காய்ந்துவிடும். கட்டினால் காயவே காயாது.

மதுரை_ஏசி · திங்கள் காலை 9:10

மெக்கர் விஷயம் எனக்குப் புதிது. எங்கள் யூனிட் சின்னது, இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் நிற்காது. 14 மாதத்துக்கு நீங்கள் சொல்வதுதான் சரி, ஒப்புக்கொள்கிறேன்.

பாம்பன்_ஐஸ் · திங்கள் மதியம் 1:30

தம்பி, நான் ஐஸ் பிளான்ட் ஆள், அம்மோனியா. எங்களுக்கு வருஷம் தவறாமல் நிறுத்தி வைக்கும் காலம் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை, 61 நாள். விசைப்படகு போகாது, ஐஸ் போகாது. கம்ப்ரசர் நிற்கும். அதனால் நிறுத்தி வைப்பதில் என்னென்ன கெடும் என்பது எங்களுக்குக் கைப்பழக்கம்.

நிறுத்துவதற்கு முன் அம்மோனியாவை ரிசீவரில் இறக்குவோம். 80 சதவீதத்துக்கு மேல் நிரப்ப மாட்டோம். வெயிலில் திரவம் விரிய இடம் வேண்டும். 35 டிகிரியிலேயே 12.5 பார் நிற்கும். லிக்விட் லைனில் இரண்டு பக்கமும் வால்வை மூடி நடுவில் திரவத்தைச் சிறை வைக்கக் கூடாது. நடுவில் மாட்டிய திரவம் சூடேறினால் பைப்பையே பிளக்கும். புதுப் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

கம்ப்ரசர் ஓப்பன் டைப், ஷாஃப்ட் சீல் வெளியே தெரியும். சும்மா நின்றால் சீல் முகத்தில் ஆயில் படலம் வற்றி ஒட்டிக்கொள்ளும். திடீரென்று மோட்டாரைப் போட்டால் கார்பன் முகம் பிய்ந்துவிடும். வாரம் ஒருமுறை ஃப்ளைவீலைக் கையால் இரண்டு மூன்று சுற்று சுற்றுவோம். ஆரம்பத்தில் கனமாக இருக்கும், பிறகு ஆயில் பிடித்ததும் ஒரு வழுக்கல் கையில் தெரியும். அது தெரிந்தால்தான் விடுவேன். சுற்றி முடித்ததும் கந்தகக் குச்சி கொளுத்தி சீல் பக்கம் காட்டுவோம். வெள்ளைப் புகை வந்தால் லீக்.

பிரைன் (உப்புநீர்) டேங்கை மட்டும் வடிக்க மாட்டோம். வடித்தால் ஒரு மாதத்தில் சுவர் முழுக்கத் துரு உரியும். நிறைத்து வைத்து, வாரம் ஒருமுறை அஜிடேட்டர் (கலக்கி) ஓட விடுவோம். ஐஸ் கேன்களை எடுத்து நல்ல தண்ணீரில் கழுவிக் கவிழ்த்து வைப்போம். பாதி வடித்து வைத்த டேங்கில் தண்ணீர்க்கோடு இருக்கும் இடத்தில்தான் முதலில் ஓட்டை விழும். நீர்வேதி சார் சொல்வதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் பம்ப் மூன்றையும் இதே மாதிரி கையால் சுற்றுங்கள். கிளாண்ட் கயிறு (ஷாஃப்ட்டைச் சுற்றித் தண்ணீர் ஒழுகாமல் அடைப்பது) போட்ட பம்ப் என்றால் கயிற்றை உருவி எடுத்துவிடுங்கள். ஈரக்கயிறு ஷாஃப்ட் ஸ்லீவைக் குழி குழியாகத் தின்னும்.

இன்னொன்று. தூத்துக்குடி என்றால் தண்ணீரையும் யோசியுங்கள். 2023 டிசம்பரில் பக்கத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. தரையில் இறக்காதீர்கள். மூன்றடி மேடை கட்டி அதன் மேல் வையுங்கள், பேனலை அதைவிட உயரத்தில்.

வைண்டிங்_கடை · திங்கள் இரவு 8:20

மோட்டார் என் பக்கம். நின்ற மோட்டார் எங்கள் கடைக்கு இரண்டு காரணத்தால்தான் வரும். ஒன்று ஈரம், இன்னொன்று பேரிங்.

நிற்கிற மோட்டாரின் பேரிங் எப்படிப் போகும் என்று கேட்பார்கள். பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடினாலோ, ரோட்டில் லாரி போனாலோ தரை அதிரும். குண்டுகள் ஒரே இடத்தில் உட்கார்ந்தபடி அந்த அதிர்வை வாங்கும். குண்டுக்கும் தடத்துக்கும் நடுவில் இருந்த கிரீஸ் விலகிப்போய், இரும்பும் இரும்பும் உரசிச் சின்னச் சின்னப் பள்ளம் விழும். பள்ளங்களுக்கு நடுவில் உள்ள தூரம் அப்படியே குண்டுகளின் தூரம். கழற்றிப் பார்த்தால் தட்டில் இட்லிக் குழி மாதிரி வரிசையாகத் தெரியும். ஓட்டிய முதல் நாளே ஊளையிடும். அதனால் மாதம் ஒருமுறை ஷாஃப்ட்டைப் பத்துச் சுற்று சுற்றி, பழைய இடத்தில் நிறுத்தாமல் கால் சுற்று தள்ளி நிறுத்துங்கள். கப்ளிங்கில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்தால் போன மாதம் எங்கே நின்றது என்பது தெரியும். பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். இறுக்கத்தோடு விட்டால் பேரிங்கும் ஒரு பக்கமே பாரம் தாங்கும், பெல்ட்டும் அந்த வளைவிலேயே இறுகிவிடும்.

லாரியில் ஏற்றும்போதும் ரோட்டார் ஆடாமல் ஷாஃப்ட்டைப் பிடித்துக் கட்டுங்கள். வழியிலேயே இந்தக் குழி விழுந்த மோட்டாரைப் பார்த்திருக்கிறேன்.

ஈரத்துக்கு: ஸ்பேஸ் ஹீட்டர் இருந்தால் அதற்கு மட்டும் தனி லைன் கொடுங்கள். இல்லாவிட்டால் பேனலுக்குள் ஒரு 60 வாட் குண்டு பல்பு எரியட்டும். உள்ளே வெளிக்காற்றை விட ஐந்து டிகிரி சூடாக இருந்தாலே வியர்க்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 500 வோல்ட் மெக்கர். 415 வோல்ட் மோட்டாருக்கு 40 டிகிரியில் குறைந்தது 5 மெகா ஓம் வேண்டும். நான் அந்த எண்ணை விட அது இறங்கும் வேகத்தைத்தான் பார்ப்பேன். 400 இருந்தது 200 ஆகி 60 ஆனால், 5க்கு மேல்தானே என்று சும்மா இருக்கக் கூடாது. 10 டிகிரி சூடு கூடினால் அளவு பாதியாகும், அதனால் டிகிரியும் எழுதுங்கள். மெக்கர் வைக்கும் முன் வி.எஃப்.டி. கேபிளைக் கழற்றாவிட்டால் டிரைவ் போய்விடும்.

வி.எஃப்.டி.யில் கெப்பாசிட்டர் இருக்கிறது. ஒரு வருஷம் கரண்ட் படாமல் கிடந்தால் உள்ளே இருக்கும் ஆக்சைடு படலம் மெலியும். நேராக 415 கொடுத்தால் சூடாகி வெடிக்கலாம். வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்து மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும், எவ்வளவு நேரம் என்பது அந்தந்த டிரைவ் புத்தகத்தில் இருக்கும். கன்ட்ரோலர் பேட்டரி தீர்ந்து புரோகிராம் அழிந்துபோவதும் உண்டு. இப்போதே ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

நீர்வேதி · திங்கள் இரவு 9:05

கூலிங் டவரும் பிளேட் எக்ஸ்சேஞ்சரும் விட்டுப்போயின.

டவரில் பேசின் (அடித்தொட்டி) சேற்றை முழுக்க அள்ளிக் கழுவி, பேசினை வெளியே வைப்பதானால் டிரெயினைத் திறந்தே விடுங்கள். மழைத் தண்ணீர் ஒரு அங்குலம் நின்றாலும் ஏடிஸ் கொசு முட்டையிடும். பத்து நாளுக்குள் கொசுவாகிப் பறக்கும். அதன் முட்டை காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, அதனால் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஃபில் (டவருக்குள் தண்ணீர் வழியும் அடுக்குத் தகடுகள்) பி.வி.சி., அதைத் தகரக் கூரையின் கீழ் உயரமாக அடுக்கினால் வெயிலில் தொய்ந்துவிடும். கீழே, நிழலில் வையுங்கள். கியர்பாக்ஸ் உள்ள டவர் என்றால் ஆயிலை மேல் பல் மூழ்கும்வரை நிரப்பி பிரீதர் காற்றுத் துளையை அடைத்துவிடுங்கள். ஓட்டும்போது பழைய அளவுக்கு இறக்க மறக்காதீர்கள்.

பிளேட் எக்ஸ்சேஞ்சரைத் தண்ணீர் இல்லாமல் உலர்த்தி, போல்ட்டுகளைக் கம்பெனி புத்தகத்தில் சொன்ன அளவுக்குத் தளர்த்துங்கள், கேஸ்கெட் நசுங்கியே இருந்தால் மீளாது. தளர்த்தும் முன் பிளேட்டுகளின் மொத்த அகலத்தை அளந்து எழுதுங்கள். பக்கத்தில் வெல்டிங் வைக்காதீர்கள், ஓசோன் ரப்பரை வெடிக்கச் செய்யும்.

கோவை_ஃபிட்டர் · செவ்வாய் இரவு 10:00

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் தாளில் எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். நைட்ரஜன், சிலிக்கா ஜெல், மேடை எல்லாவற்றுக்கும் ஓகே. ஆள் மட்டும் தர மாட்டோம் என்கிறார்கள். ஷெட்டில் இருக்கப் போவது வாட்ச்மேன் ஒருவர்தான். நான் மாதம் ஒருமுறை போகலாம்.

பாம்பன்_ஐஸ் · செவ்வாய் இரவு 10:35

வாட்ச்மேன் போதும் தம்பி. அவருக்கு நன்றாகச் சொல்லிக் கொடுங்கள். கேஜில் 5க்குக் கீழே சிவப்பு பெயின்ட் அடியுங்கள். முள் சிவப்பைத் தொட்டால் போன் செய்யச் சொல்லுங்கள். சிலிக்கா ஜெல்லை வெளியே தெரியும்படி ஒரு கண்ணாடிக் குழாயில் வைத்து, நீலம் ரோஸ் ஆனால் போன். இரண்டே விஷயம். அவர் பெயரை ரெஜிஸ்டரின் முதல் பக்கத்தில் எழுதுங்கள், கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எங்கள் பிளான்ட்டில் 61 நாளும் சுற்றி வருவது ஒரு வயதான வாட்ச்மேன்தான். கம்ப்ரசர் சீல் கசிவதை என்னை விட முன்னால் அவர் மூக்கு கண்டுபிடித்திருக்கிறது.

கோவை_ஃபிட்டர் · மூன்று மாதம் கழித்து

தகவல் சொல்ல வந்தேன். மெஷின் மேடை ஏறி 10 வாரம் ஆகிறது. ஐந்தாவது வாரம் வாட்ச்மேன் அண்ணன் போன் செய்தார், "முள் செவப்புக்குப் பக்கத்துல வருது தம்பி" என்று. ரெஜிஸ்டரில் டிகிரியோடு இருந்ததால் சில்லர்_25 சொன்ன கணக்கைப் போட்டேன். வெப்பநிலை வித்தியாசத்தைக் கழித்தும் மூன்று வாரத்தில் 3 பி.எஸ்.ஐ. குறைந்திருந்தது. போய் சோப்பு நுரை வைத்துத் தேடினேன். மெஷினில் எங்குமே இல்லை. கடைசியில் நான் புதிதாக மாட்டிய அந்த கேஜின் சார்ஜிங் வால்வுக்குள் இருக்கும் பின். அரிசி அளவு குமிழ், அரை நிமிஷத்துக்கு ஒன்று. பின்னை மாற்றி, பித்தளை மூடி போட்டேன். இப்போது நிற்கிறது.

கோவை_ஃபிட்டர் · ஒன்பதாவது மாதம்

வடகிழக்குப் பருவமழை முடிந்தது. மேடை நனையவில்லை. நவம்பரில் கண்டன்சர் பக்கத்து ஜெல் ஒன்பதே நாளில் ரோஸ் ஆனது. பழைய கேஸ்கெட்டையே பிளைண்டுக்குப் போட்டிருந்தேன், அது என் தவறு. புதியது போட்டு, மறுபடி சூடான காற்று விட்டு மூடினேன். எண்ட் கவரைத் திறந்தபோது டார்ச் அடித்துப் பார்த்தேன், டியூப்கள் புதுப் பாத்திரம் மாதிரி பளிச்சென்று இருந்தன. அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

பேனலில் ஒரு கேபிள் துளையை அடைக்க மறந்திருக்கிறோம். எலி கூடு கட்டி இரண்டு கன்ட்ரோல் வயரைக் கடித்திருக்கிறது. வயரை மாற்றி, துளைக்குத் தகடு வைத்து அடைத்தேன். மெக்கர் மூன்று மோட்டாரிலும் 200க்கு மேல்.

சில்லர்_25 · அன்றே

நல்ல செய்தி. ஓட்டும் நாளுக்கு இப்போதே சொல்லி வைக்கிறேன், அன்றைக்கு எல்லோரும் அவசரப்படுவார்கள். ஆயில் சாம்பிள் எடுத்து அமில டெஸ்ட், டிரையர் (கேஸில் உள்ள ஈரத்தை உறிஞ்சுவது) மாற்றம், பிறகு வேக்கம். 500 மைக்ரானுக்கு (வேக்கத்தை அளக்கும் அளவு) இறக்கி, பம்பை நிறுத்தி வால்வை மூடிப் பாருங்கள். ஏறிக்கொண்டே போனால் லீக். ஓரிடம் வரை ஏறி நின்றால் உள்ளே ஈரம். கேஸ் ஏற்றிய பிறகு ஆயில் ஹீட்டர் முழுசாக 24 மணி நேரம். குளிர்ந்த ஆயிலில் கேஸ் கரைந்திருக்கும், ஸ்டார்ட் செய்ததும் நுரைத்துப் பொங்கி பேரிங்குக்கு ஆயில் போகாது. "நாலு மணி நேரம் போதும்" என்று யார் சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

நீர்வேதி · அன்றே

டவரை முதல் நாள் ஓட்டும்போது ஃபேனைப் போடாமல் பம்பை மட்டும் ஓட்டி, 5 பி.பி.எம். குளோரினில் ஆறு மணி நேரம் சுற்ற விடுங்கள். அதன் பிறகு வடித்துப் புதுத் தண்ணீர். இது லெஜியோனெல்லா பாக்டீரியாவுக்காக. 20 முதல் 45 டிகிரி வரை அது பெருகும், அதாவது நம் ஊரில் வருஷம் முழுக்க. டவர் வெளியே விடும் நீர்த்துளியை மூச்சில் இழுத்தால் நிமோனியா வரும். 1976இல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்களிடையே பரவி 29 பேர் இறந்த பிறகுதான் இப்படி ஒரு பாக்டீரியா இருப்பதே தெரிய வந்தது. டவரைக் கழுவும் பையன்களுக்கு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள், துணி மாஸ்க் போதாது.

கோவை_ஃபிட்டர் · பதினேழாவது மாதம்

நேற்று ஓட்டினோம். கட்டடம் 14இல் முடியவில்லை, 17 ஆகிவிட்டது.

டியூப்களுக்கு எடி கரன்ட் டெஸ்ட் (டியூபை வெட்டாமல் மின்காந்தத்தால் குழி தேடும் சோதனை) எடுத்தோம். கோவையில் கழற்றும் முன் எடுத்த ரிப்போர்ட்டோடு வைத்துப் பார்த்ததில் புதுக் குழி ஒன்றுகூட இல்லை. ஆயிலில் அமிலம் இல்லை. வேக்கம் 500 மைக்ரானில் நின்றது. ஹீட்டர் 24 மணி நேரம், இடையில் இரண்டு பேர் வந்து கேட்டார்கள், விடவில்லை. டிரைவுக்கு வேரியாக் வைத்து ஏற்றினோம். கம்ப்ரசர் எடுத்ததும் சத்தம் சீராக வந்தது. வாட்ச்மேன் அண்ணனை வரச் சொல்லி அவர் கையால்தான் ஸ்டார்ட் பட்டனை அழுத்தச் சொன்னேன்.

ஒரு குறை. மூன்றாவது பம்ப், ஸ்டாண்ட்பை, அதன் முன்னால் டவர் ஃபில்லை அடுக்கிவிட்டோம். எட்டாவது மாதத்திலிருந்து அந்தச் சந்துக்குள் கை போகவில்லை, நானும் இரண்டு பம்பைச் சுற்றிவிட்டு மூன்று என்று எழுதாமல் காலியாக விட்டு வந்தேன். சாக்பீஸ் கோடு அதே இடத்தில் நிற்கிறது. நேற்று ஓட்டிய ஐந்தாவது நிமிஷம் மெக்கானிக்கல் சீல் ஒழுக ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால் கார்பன் முகத்தில் ஒரு துண்டு பெயர்ந்திருக்கிறது. பாம்பன் அண்ணன் சொன்னபடியே. புது சீல் வர பத்து நாள் ஆகும் என்கிறார்கள்.

பாம்பன்_ஐஸ் · அன்று இரவு

சீல் என்ன சைஸ் தம்பி? 35 எம்.எம். என்றால் என்னிடம் பிரிக்காதது ஒன்று இருக்கிறது. நாளைக் காலை தூத்துக்குடி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன், பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு வந்ததும் புதியதை எனக்கு அனுப்பினால் போதும்.